இல்லை என்ற மூன்றெழுத்து

இல்லை! மூன்றே எழுத்து. கையேந்தி நிற்பவனிடம் செல்வன் சொன்னால் அது கஞ்சத்தனம். கஞ்சி கேட்டு அழும் குழந்தையிடம் தாய் சொன்னால் அது கண்ணீர். அரசாங்கத்தின் ஏடு சொன்னால்? அது தீர்ப்பு! மேல்முறையீட்டுக்கும் வழியற்ற தீர்ப்பு. இல்லாதவன் எந்த மன்றத்தில் நின்று வழக்காடுவான்?

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கேட்டில் நம் புதுவையைப் பற்றிய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். மொத்த மக்கள் 12,47,953 பேர் என்கிறது ஏடு. ஏழு வயதுக்கு மேற்பட்டோரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 85க்கும் மேல் என்கிறது, பெருமை கொள்கிறோம். பட்டியல் சாதியினர் 1,96,325 பேர் என்கிறது, குறித்துக்கொள்கிறோம். பட்டியல் பழங்குடியினர் எத்தனை பேர் என்று அடுத்த கட்டத்தை நோக்குகிறோம். இல்லை! ஒருவரும் இல்லை!

கவிதையைத் திறனாய்கிறோம், நாடகத்தைத் திறனாய்கிறோம், திரைப்படத்தையும் விட்டுவைப்பதில்லை. அச்சேறியதெல்லாம் ஆராய்ச்சிக்கு உரியதென்றால் கணக்கேடும் ஒரு நூல்தானே! அதிலுள்ள அந்த ஒரு கட்டத்தை இன்று ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். அது சொல்வது உண்மையா? உண்மையன்று எனில், பொய் எந்த வழியாகப் புகுந்தது? அப்பொய்யால் இழந்தவர் யார்?

விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அறுவடை முடிந்த ஒரு நாள் பாகூர் வயல்களுக்கு வாருங்கள். வரப்போரத்தில் மண்வெட்டியுடன் ஒரு குடும்பம் குனிந்து நிற்கும். எலி வளையின் வாயை ஒருவர் அடைப்பார். மறுவாயில் ஒருவர் புகை மூட்டுவார். எலியும் கிடைக்கும், எலி திருடி வைத்த நெல்லும் கிடைக்கும். வில்லியனூர்ப் பக்கம் போனால் செங்கற்சூளையில் அதே மக்களைக் காண்பீர்கள். சவுக்குத் தோப்பில் காவற்காரராகக் காண்பீர்கள். ஏரிக்கரையில் கையால் மீன் துழாவக் காண்பீர்கள். அவர்கள்தாம் இருளர். நம் ஊர்ப் பேச்சில் வில்லி என்பார்கள், வேட்டைக்காரர் என்பார்கள். பெயர் மூன்று, மக்கள் ஒன்றே. புதுவையின் நெற்களஞ்சியம் பாகூர் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்தக் களஞ்சியத்தை எலியிடமிருந்து காக்கும் கைகளுக்கு உரியவர் ஏட்டில் இல்லை!

ஏட்டில் இடம்பெறுவது இம்மண்ணில் என்றுமே எளிதாக இருந்ததில்லை. பல்லவன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்த வித்தியாத்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்ட செய்தியைச் சொல்கிறது. மறையும் கலையும் பயின்றோர்க்கு ஊர்கள் கிடைத்தன. ஊர்களின் பெயர் செம்பிலே பதிந்தது. ஆயிரத்து நூறு ஆண்டு கழித்தும் நாம் அதைப் படிக்கிறோம். எழுதப்பட்டவன் வாழ்கிறான், எழுதப்படாதவன் மறைகிறான். செம்பு போய்த் தாள் வந்தது, தாள் போய்க் கணிப்பொறி வந்தது. விதி மட்டும் மாறவில்லை.

இனி, பொய் புகுந்த வழியைப் பார்ப்போம். கணக்கெடுத்தவர் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாரா? இல்லை. கணக்கேடு சட்டம் சொன்னதைச் சொன்னது. சட்டத்தில்தான் அப்பெயர் இல்லை. எவரெவர் பழங்குடியினர் என்பதை மாநிலம்தோறும், ஒன்றியப் பகுதிதோறும் தனித்தனியே குடியரசுத் தலைவர் அறிவிக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 342ஆம் பிரிவு. தமிழ்நாட்டின் பட்டியலில் இருளர் கடந்த நூற்றாண்டிலேயே இடம்பெற்றுவிட்டனர். பழங்குடியினரிலும் மிகவும் நலிவுற்றோர் என அங்கே தனித்துக் குறிக்கப்பட்ட ஆறு குலத்தாருள் அவர்களும் ஒருவர். புதுவைக்கோ 1964இல் பட்டியல் சாதியினர்க்கான ஆணை பிறந்தது. பழங்குடியினர்க்கான ஆணை பிறக்கவில்லை. அது பிறந்தது 2016இல்! வில்லி, வேட்டைக்காரர் என்ற பெயர்களையும் உள்ளடக்கி இருளர் என்ற பெயர் அப்போதுதான் ஏறிற்று. இடையிலே ஐம்பத்திரண்டு ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, பேரன் பேத்தி கண்டு, அப்போதும் "நீ இல்லை" என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

இதிலே வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டு இருளர்க்கும் புதுவை இருளர்க்கும் நடுவே கடல் இல்லை, மலை இல்லை. சில இடங்களில் ஒரு சாலைதான் இருக்கிறது. சில இடங்களில் ஒரு வரப்புதான். பாகூரைச் சுற்றிக் கடலூர் மாவட்டம். வில்லியனூரின் மேற்கே விழுப்புரம் மாவட்டம். அக்காள் அக்கரையில் வாழ்க்கைப்பட்டிருப்பாள், தங்கை இக்கரையில். அக்காளின் பிள்ளை பழங்குடி. தங்கையின் பிள்ளை யார்?

அந்த எல்லையை இருளர் கேட்டு வாங்கவில்லை. வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், தூய்ப்ளே காலத்துப் படையெடுப்புகளுக்கும் பேரங்களுக்கும் இடையே. நவாபுகளும் கும்பினிகளும் ஊர்களைச் சீட்டுக்கட்டைப்போல் கைமாற்றிக்கொண்டனர். 1954 அக்டோபர் 18ஆம் நாள் வில்லியனூர்ப் பக்கத்துக் கீழூரில் மக்கள் பேராளர் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றனர். கொடி மாறியது. 1962இல் சட்டப்படியான ஒப்படைப்பும் முடிந்தது. தூய்ப்ளே காலத்தில் கீறிய கோடு மட்டும் அழியவில்லை. நாடாண்ட வெள்ளையன் போனான். அவன் கிழித்த கோடு நம் குழந்தைகளைத் தரம் பிரித்துக்கொண்டே இருந்தது.

தென்பெண்ணையின் நீர் தமிழ்நாட்டுச் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து, பங்காரு வாய்க்கால் வழியே எல்லையைக் கடந்து பாகூர் ஏரிக்கு வருகிறது. தண்ணீருக்கு எவரும் சான்றிதழ் கேட்பதில்லை. எலிக்கும் எல்லை இல்லை. அந்த எலியைப் பிடிக்கும் மனிதனுக்குத்தான் எல்லை!

இது நம் மூலைக்கு மட்டும் வாய்த்த விந்தையா? வகுப்பறையில் உலகப் படத்தை விரிக்கும்போது நாம் மாணவர்க்குக் காட்டுவது பேரரசுகளையும் தலைநகரங்களையும். இன்று அப்படத்தின் ஓரங்களைப் பாருங்கள். வடகோடியில் அலாஸ்கா, அங்கே உறைபனிக் கடற்கரையில் இனுபியாட் மக்கள். கிழக்கே ஜப்பானின் தென்கோடியில் ஒக்கினாவா. அங்கே பழைய ரியூக்கியு அரசின் மக்கள். இருவரையும் ஒப்பிட்டு, யார் வளமாக வாழ்கிறார் என்று வருமானக் கணக்குப் போடுவோர் உண்டு. அந்தக் கணக்குக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: சட்டத்தின் ஏட்டில் இவர்கள் யார்?

அலாஸ்காவை 1867இல் ருசியாவிடமிருந்து அமெரிக்கா 72 இலட்சம் டாலருக்கு வாங்கியது. மண்ணின் மக்களை எவரும் கேட்கவில்லை. ரியூக்கியு அரசை 1879இல் ஜப்பான் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அங்கும் எவரும் கேட்கவில்லை. இரண்டு இடத்திலும் பள்ளிக்கூடம் குழந்தையின் நாவைக் கட்டியது. தாய்மொழி பேசிய இனுபியாட் பிள்ளை தண்டனை பெற்றது. ஒக்கினாவாவில் வீட்டுமொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் மரப்பலகை ஒன்றைத் தொங்கவிட்டனர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு அதைப் படிக்கும்போது கை நடுங்குகிறது. அந்தப் பலகையைக் கட்டியதும் ஓர் ஆசிரியர் கைதானே!

இதுவரை இரண்டும் ஒரே கதை. இனிப் பாதை பிரிகிறது. 1968இல் அலாஸ்காவின் வடகரையில் எண்ணெய் கண்டனர். 1971இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. அலாஸ்காவின் பழங்குடியினர் அனைவர்க்குமாக 4 கோடியே 40 இலட்சம் ஏக்கர் நிலம், ஏறத்தாழ 96 கோடி டாலர் பணம். மறுகோரிக்கைகளை அவர்கள் கைவிட வேண்டும் என்பது விலை. இனுபியாட் மக்கள் 1972இல் வடகரைக்கெனத் தம் ஆட்சி அமைப்பை நிறுவி, எண்ணெய் நிறுவனங்களின் சொத்துக்கு வரி விதித்தனர். அந்த வரியில் பள்ளிகள் எழுந்தன, மருத்துவ நிலையங்கள் எழுந்தன. குறை இல்லாமல் இல்லை. தொலைவும் பனியும் உணவுப்பொருளின் விலையை விண்ணுக்கு ஏற்றுகின்றன. எண்ணெய் வற்றினால் வரியும் வற்றும். ஆயினும் சட்டத்தின் ஏட்டில் அவர்களுக்குப் பெயர் உண்டு. பெயர் இருந்ததால் பேரம் பேச முடிந்தது.

ஒக்கினாவாவோ 1945 போரில் வெந்தது. பின் 27 ஆண்டுகள் அமெரிக்கப் படையின் ஆட்சியில் கிடந்து, 1972 மே 15ஆம் நாள் ஜப்பானிடம் திரும்பியது. ஜப்பானின் நிலப்பரப்பில் அத்தீவுகள் நூற்றில் ஒரு பங்கும் இல்லை; அமெரிக்கப் படைகள் தமக்கே உரியதாக வைத்திருக்கும் நிலத்திலோ ஏறத்தாழ 70 விழுக்காடு அங்கேதான். வருமானத்தில் ஜப்பானின் கடைசிப் படிகளில் நிற்கும் மாகாணம் அது. அம்மக்களைத் தொல்குடியினராக ஏற்க வேண்டும் என்று 2008இல் ஐ.நா.வின் மனித உரிமைக் குழு சொன்னது. ஜப்பானிய அரசு ஏற்கவில்லை. அப்பெயர் தமக்கு வேண்டுமா என்பதில் ஒக்கினாவா மக்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். ஆனால் பெயரைத் தேர்ந்துகொள்வது அவர்கள் உரிமையா, டோக்கியோவின் உரிமையா என்பதுதான் கேள்வி.

இந்த இரு மக்களிடமும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அது செல்வத்தைப் பற்றியதன்று, எண்ணுவதைப் பற்றியது.

1977இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம், வில்தலைத் திமிங்கிலம் அருகிப் போயிற்று, இனி இனுபியாட் மக்களும் அதை வேட்டையாடக் கூடாது என்றது. வேட்டையே வாழ்வாகக் கொண்ட மக்கள் கொதித்தனர். கொதித்ததோடு நின்றார்களா? இல்லை. "பனிப்பாளத்தின் அடியில் நீந்திப் போகும் திமிங்கிலங்களை உங்கள் கணக்கு காணவில்லை" என்றனர். தமக்கென ஓர் ஆணையம் அமைத்து, அறிவியலாரைத் துணைக்கழைத்து, பனியின் கீழ் ஒலி கேட்கும் கருவிகளை இறக்கி எண்ணினர். வேட்டைக்காரன் சொன்னதே மெய்யாயிற்று! இன்று அத்திமிங்கிலங்கள் பத்தாயிரத்துக்கு மேல் என மதிப்பிடப்படுகின்றன. பிறர் போட்ட கணக்கை, தாம் போட்ட கணக்கால் வென்றார்கள்.

ஒக்கினாவாவும் அதையே செய்தது. நாட்டின் சராசரிக்குள் தன் குழந்தைகளின் பசி ஒளிந்துகிடப்பதைக் கண்ட மாகாண அரசு, தானே ஆய்வு நடத்தி 2016இல் வெளியிட்டது. வறுமையில் வாழும் குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர்; ஜப்பான் முழுமைக்கும் அது ஏறத்தாழ 16. எண் வெளிவந்த பிறகு எவரும் "இல்லை" என்று சொல்லித் தப்ப இயலவில்லை.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இருளர் 1,89,661 பேர். அம்மாநிலப் பழங்குடியினருள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 54 பேர். மாநிலம் முழுமைக்கும் அது 80. வெட்கப்பட வேண்டிய இடைவெளி! ஆனால் எண்ணியதால் அல்லவா அந்த வெட்கம் தெரிகிறது? புதுவையிலோ நூற்றுக்கு 85 என்ற பெருமை மட்டும் இருக்கிறது. அப்பெருமைக்கு அருகே நிறுத்திப் பார்க்க இருளரின் எண் இல்லை. நோயாளியை எடைபோடாமலே நலமென்று எழுதிவிட்ட மருத்துவரை என்னென்பது? சராசரி என்பது சமபந்தி அன்று. பத்து இலையில் ஒன்பதில் விருந்து, ஒன்றில் வெறுமை. சராசரிக்காரன் பத்துப் பேரும் வயிறு புடைக்க உண்டனர் என்று எழுதிவிட்டுக் கை கழுவுகிறான்.

"அதுதான் 2016இல் பட்டியலில் ஏற்றிவிட்டார்களே, இன்னும் என்ன குறை?" என்பார் உளர். ஏற்றினார்கள்; நன்றி சொல்கிறோம். ஆனால் பெயர் பட்டியலில் ஏறினால் போதுமா, கைக்குச் சான்றிதழ் வர வேண்டாவா? நம்மிடம் படித்த மாணவன் ஒருவன், பத்தாம் வகுப்பில் தேறியவன். மேலே படிக்கச் சான்றிதழ் வேண்டும். அவன் தந்தையோடு நாமும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "உன் பாட்டன் இந்த ஊரில் வாழ்ந்ததற்குப் பத்திரம் உண்டா?" என்று கேட்டார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். அந்தத் தந்தை கைகட்டி நின்று சொன்னார்: "பாட்டனுக்கு நெலம் இருந்தாத்தானே சாமி பத்திரம் இருக்கும்?"

அவர் குரலில் சினம் இல்லை. நெஞ்சைச் சுட்டது அதுதான். தம்மைவிட இருபது வயது இளையவரை "சாமி" என்று அழைத்த அந்தப் பழக்கம் அதைவிடச் சுட்டது. நிலம் தராத நாடு, நிலம் இருந்ததற்குச் சான்று கேட்கிறது! ஏரிக்கரையில் குடிசை போட்டவனிடம் வீட்டு வரி இரசீது கேட்கிறது! நான்கு முறை நடந்தோம். பையன் இரண்டு மாதம் பொறுத்தான். பிறகு சூளைக்குப் போய்விட்டான். அவன் எழுதிய வரலாற்று விடைத்தாள் இன்னும் நம் அலமாரியில் இருக்கிறது.

கோடு இன்னும் அழியவில்லை என்பதற்கு மற்றொரு சான்று. மிகவும் நலிவுற்ற பழங்குடியினர்க்கு வீடு, குடிநீர், சாலை, மருத்துவம் தருவதற்கென ஒன்றிய அரசு 2023 நவம்பரில் ஒரு பெருந்திட்டம் தொடங்கிற்று. 18 மாநிலங்களும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளும் அதில் இடம்பெற்றன. தமிழ்நாட்டு இருளர் உண்டு. அந்தத் தொடக்கப் பட்டியலில் புதுவை இல்லை. மீண்டும் அந்த மூன்றெழுத்து!

"பட்டியல் போட்டுப் போட்டு மக்களைப் பிரிக்கலாமா? எல்லாரும் தமிழர்தாமே?" என்று உருகுவோரும் உளர். உருக்கம் நன்று. ஆனால் அவர்கள் வீட்டுத் திருமணப் பந்தியில் எத்தனை இருளர் உட்கார்ந்தனர் என்று கேட்டுப் பாருங்கள். பிரிப்பதில் ஊர் முந்திக்கொண்டது; பட்டியல் பிந்தி வந்தது. காயத்தைக் கத்தி உண்டாக்கிற்று. கட்டுத்துணியைப் பழிப்பது அறிவாகுமா?

பட்டியலே வீடுபேறு என்றும் நாம் சொல்லவில்லை. 1971 அலாஸ்காச் சட்டம்கூட ஒரு நாளைக் குறித்து, அந்த ஆண்டு டிசம்பர் 18க்குப் பின் பிறந்த குழந்தைகளை நிறுவனப் பங்கிலிருந்து விலக்கிவிட்டது. வடகரை இனுபியாட் மக்கள் என்ன செய்தனர்? தம் பங்கு குறையும் என்று தெரிந்தும், வாக்களித்துப் பின்பிறந்தோரையும் சேர்த்துக்கொண்டனர். சட்டம் அடைத்த கதவை மக்கள் மனம் திறந்தது. பட்டியல் ஒரு கதவு. திறக்கும் கை வேண்டும்.

அந்தக் கை யாருடையது? தோழர்களே, இங்கேதான் நாம் நம்மையே குற்றக்கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போயிற்று. 2027 மார்ச் முதல் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு கணக்கெடுக்க 2025 ஜூனில் அறிவிக்கை வந்தது. சாதிவாரியாகவும் எண்ணப்படும் என்றது அரசு. இருளர் என்ற பெயர் சட்டத்தில் ஏறியபின் புதுவைக்கு வாய்க்கும் முதற் கணக்கு இதுதான். வீடு வீடாகச் சென்று எண்ணும் வேலை பெரும்பாலும் யார் தலையில் விழும்? ஆசிரியர் தலையில்! இத்தனை நேரம் கணக்கேட்டைக் குறை சொன்னோமே, அதன் அடுத்த பதிப்பை எழுதப்போகும் எழுத்தாளர் நாமேதாம்.

ஆகவே உடன்பணியாற்றும் தோழர்களுக்குச் சொல்கிறோம். தெருவோடு நின்றுவிடாதீர்கள். தெரு முடியும் இடத்தில் ஒற்றையடிப் பாதை தொடங்கும், அதில் நடங்கள். ஏரிக்கரைக்குப் போங்கள், சவுக்குத் தோப்புக்குள் போங்கள், சூளையின் பின்புறம் கூரையில்லாக் குடிசைக்குப் போங்கள். பகலில் ஆளில்லை என்று பூட்டிய வீடாக எழுதிவிடாதீர்கள்; அவர்கள் வயலில் இருப்பார்கள், மாலையில் மீண்டும் போங்கள். வில்லி என்று சொன்னாலும், வேட்டைக்காரர் என்று சொன்னாலும், சொல்லத் தயங்கி நின்றாலும், பொறுமையாகக் கேட்டு உரிய இடத்தில் எழுதுங்கள். அவர் "சாமி" என்றால், "ஐயா, பெயரைச் சொல்லுங்கள்" என்று நீங்கள் சொல்லுங்கள்.

கழுத்தில் பலகை கட்டியதும் ஓர் ஆசிரியர் கைதான். ஏட்டில் பெயர் எழுதப்போவதும் ஓர் ஆசிரியர் கைதான். சூளைக்குப் போன அந்தப் பையனுக்கு ஒரு தம்பி இருக்கிறான். இப்போது ஆறாம் வகுப்பில், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். நாள்தோறும் வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை அழைக்கிறோம். "உள்ளேன் ஐயா" என்கிறான்.

அவன் உளன். ஏடும் அதைச் சொல்லட்டும்.